என் கப்பல், என் கதவு

கேப்டன் இல்மாவுக்கு முட்டிவலி உண்டு. நாற்காலியை விட்டு எந்திரிக்கிறப்போ ரெண்டு கையையும் தொடையில ஊனி, ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் எந்திரிப்பா. விண்வெளியில கப்பல் ஓட்டுற பொம்பளை அவ. கார்ட்டூன்தான். ஆனா படம் வரைஞ்சவன் அந்த முட்டிவலியை ஒரு எபிசோடுலகூட மறந்ததில்ல. "அதுக்கே அவனுக்கு ஒரு கும்பிடு போடணும்ட்டி"ன்னு அக்கா சொல்லும்.

அக்கான்னா கூடப்பிறந்த அக்கா இல்ல. ராஜபாளையத்துல நான் வேலை பார்த்த நூல் மில்லுல எங்க செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல வீடு. நான் சுந்தரபாண்டியத்துக்காரி. காலையில மில் வேன் எங்க ஊர்ல என்னை ஏத்திக்கிட்டு, வழியில அக்காவையும் ஏத்திக்கிட்டு ராஜபாளையம் போய்ச் சேரும். பேரைச் சொல்ல மாட்டேன். அக்காவுக்குத் தன் பேரு எங்கேயும் வர்றது பிடிக்காது. ஏதாவது தப்பு நடந்தா மட்டும் முந்திக்கிட்டுப் போயித் தன் பேரைப் போட்டுக்கும்.

என் தப்புலயும் ஒருதரம் அப்படிப் போட்டுக்கிச்சு. அதுல அக்காவோட சூப்பர்வைசர் வேலை போச்சு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயைத் திறக்கலை. அதைச் சொல்லத்தான் இம்புட்டும். ஆனா கேப்டனைப் பத்திச் சொல்லாம அக்காவைப் பத்திச் சொல்ல முடியாது. அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கப்பலோட பேரு நாரை. சண்டைக் கப்பல் இல்ல, பழைய சரக்குக் கப்பல். ஒரு கிரகத்துல தண்ணி ஏத்திக்கிட்டு, இன்னொரு கிரகத்துல இறக்கி, அங்கிருந்து மருந்து ஏத்திக்கிட்டுப் போகும். கேப்டனைச் சேர்த்து ஏழு பேரு. தமிழ்ல பேச வச்சவங்க ரொம்ப ஒண்ணும் மெனக்கெடலை. "உடனடியாக வலப்புறம் திருப்புங்கள்"னு ரேடியோவில செய்தி வாசிக்கிற குரல்ல பேசுவாங்க. அதெல்லாம் அக்காகிட்ட செல்லாது. வேன்ல எங்களுக்குக் கதை சொல்றப்போ கேப்டன் இல்மா மடவார் வளாகத்துப் பேச்சுத்தான் பேசுவா. "ஏட்டி, கல்லு வருது பாரு, வலப்பக்கம் ஒடி"ன்னுதான் விமானிக்கு உத்தரவு போடுவா. நான் நாலு மாசம் கழிச்சுத்தான் நிஜப் படத்தைப் பார்த்தேன். கேப்டன் ஏன் இப்படி மூக்கடைச்ச மாதிரி பேசுதான்னு எனக்கு ஏமாத்தமாப் போச்சு.

அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தாரு. ஒரு லீவுல வந்தப்போ மகனுக்குப் படம் பார்க்கன்னு ஒரு பழைய போனைக் கொடுத்துட்டுப் போனாரு. மகன் நாரையை நாலு நாள் பார்த்தான். சண்டையே வரலைன்னு விட்டுட்டான். அக்கா பிடிச்சுக்கிச்சு. கறிவேப்பிலை உருவுறப்போ பார்க்கும், துணி மடிக்கிறப்போ பார்க்கும். பார்த்ததையே மறுபடியும் பார்க்கும். வீட்டுக்காரர் எல்லையிலருந்து பேசுறப்போகூட, "உங்க கேப்டன் எப்படிங்க, எங்க கேப்டன் மாதிரியா?"ன்னு கேட்குமாம். "எங்காளு டீ ஆறிப்போச்சுன்னா நாலு பேர் மேல கத்துவாரு"ன்னு அவர் சொல்வாராம். "அப்ப உங்களுக்குக் குடுத்து வைக்கலை"ன்னு சொல்லிட்டு அக்கா போனை வச்சிருமாம்.

எங்க வேன்ல எல்லாரும் கேப்டன் கட்சி இல்ல. மகாராஜபுரத்து ராஜேஸ்வரி எதிர்க்கட்சி. "பத்து எபிசோடு பார்த்துட்டேன்க்கா, ஒரு துப்பாக்கியைக்கூடத் தூக்கலை. கொள்ளைக்காரன் வந்தா கப்பலைத் திருப்பிக்கிட்டு ஓடுதா. இவள்லாம் ஒரு கேப்டனா?"ன்னு கேட்டா.

"ஏழு உசுரு இருக்குல்ல உள்ள. ஓடாம?"

"கேப்டன்னா துப்பாக்கி தூக்கணும்க்கா."

"துப்பாக்கி தூக்க ஆள் வச்சுக்கலாம். பழியைத் தூக்க யாரை வச்சுக்குவ?"

ராஜேஸ்வரி கட்சி மாறலை. மறுநாளும் அதே இடத்துல ஆரம்பிச்சா. எங்களுக்கு அந்த அரை மணி நேரம் போறதே தெரியாது.

அக்கா சொல்ற கணக்குல கேப்டன் இல்மாகிட்ட பெருமையே அவ சாதாரணமா இருக்கிறதுதான். வயிறு கொஞ்சம் தொந்தியா இருக்கும். கண்ணாடியை எங்க வச்சோம்னு தேடுவா, அது தலையிலேயே இருக்கும். வழி தப்பிப்போச்சுன்னா, "வழி தப்பிட்டேன், உங்கள்ல யாருக்குத் தெரியும்?"னு எல்லாருகிட்டயும் கேட்பா. கடைசியா சேர்ந்த சமையல்காரனை முதல்ல பேச விடுவா. பெரியவங்க முதல்ல பேசிட்டா சின்னவங்க வாயே திறக்க மாட்டாங்களாம். முடிவு மட்டும் அவ எடுப்பா. முடிவு தப்பாப் போச்சுன்னா யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டா. "என் கப்பல்"னு சொல்லுவா. அம்புட்டுத்தான். நானும் இப்ப எத்தனையோ படத்துல எத்தனையோ கேப்டனைப் பார்த்துட்டேன். மார்பை நிமிர்த்திக்கிட்டு நிக்கிற ஆளுக நிறைய. அடிச்சுச் சொல்றேன், இல்மா கால் தூசிக்கு ஒருத்தனும் வர மாட்டான்.

மில்லுல எல்லாருக்கும் ஒரு கோட்டு உண்டு, சேலைக்கு மேல போட்டுக்கிறது. அக்கா தன் கோட்டுக் கையில கழிவு நூல்ல ரெண்டு நீலக் கோடு தைச்சு வச்சிருந்துச்சு. கேப்டன் சட்டையில இருக்கிற மாதிரியே. மேனேஜர் ஒருநாள் பார்த்துட்டு, "இது என்னம்மா?"ன்னு கேட்டாரு. "ரேங்கு சார்"னு சொல்லிச்சு. அவர் சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. அன்னையிலருந்து மில்லு பூராவும் அக்காவுக்குக் கப்பல்காரின்னு பேரு. அக்கா அதுக்கு ஒருநாளும் கோவிச்சதில்ல.

சும்மா தைச்சுக்கிட்டது இல்ல அது. அந்த ரேங்குக்கு உண்டான வேலையையும் பார்க்கும். ஒருநாள் கரண்டு போயி ஜெனரேட்டரும் ஓடலை. மிஷின் பூரா நின்னு, இருக்கிற நூலெல்லாம் அறுந்து கிடந்துச்சு. அக்கா எங்ககிட்ட வந்து, "என் தப்பு, டீசல் இருக்கான்னு காலையிலேயே கேட்டிருக்கணும்"னு சொல்லிச்சு. டீசல் பார்க்கிறது அக்கா வேலையே இல்ல. அதுக்குன்னு ஒரு ஆள் இருந்தாரு, அவர் வாசல்ல சாவகாசமா வெத்தலை போட்டுக்கிட்டு நின்னாரு. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. இன்னொருதரம் அக்காவோட கொழுந்தன் கல்யாணத்துல பந்தியில சாம்பார் தீர்ந்துபோச்சு. சமையல்காரர் ஒளிஞ்சுக்கிட்டாரு. அக்கா பந்தி நடுவுல போயி நின்னு, "நான்தான் அளவு சொன்னேன், செத்த நேரம் இருங்க, ரசம் வருது"ன்னு சொல்லிச்சு. மாமியாருக்கு வந்ததே கோவம். நம்ம வீட்டு மானத்தை மைக் போட்டுச் சொல்லணுமான்னு ஒரு மாசம் பேசலையாம்.

"உனக்கு என்னக்கா, ஊர்ப் பழியெல்லாம் இழுத்துப் போட்டுக்கிடுத"ன்னு நான் கேட்டேன்.

"இழுக்கலைட்டி. என் கையில இருந்ததை என்னோடதுங்கேன். கையில இல்லாததை ஏன் சொல்லப் போறேன்?"

அது எனக்கு அப்போ புரியலை. இப்போ புரிஞ்சு என்ன செய்ய?

முதல் பாகத்துல பதிமூணாவது எபிசோடுதான் கடைசி. அதை அக்கா ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்திருக்கு. திங்கக்கிழமை வேன்லயே சொல்லியிருக்கணும். அன்னைக்குன்னு டிரைவர் பாட்டைச் சத்தமாப் போட்டுட்டாரு. அதனால மில்லுல, மதியம் நூல் மாத்துறதுக்கு முன்னாடி கிடைச்ச பத்து நிமிஷத்துல எனக்கு முதல்ல சொல்லிச்சு. நான்தான் விடாம நச்சரிச்சேன்.

நாரைக்குள்ள ஒரு தோட்டம் உண்டு. ஏழு பேருக்கும் ஒரு வருஷச் சாப்பாடு அதுலதான். கெசின்னு ஒரு சின்னப் பொண்ணு, கப்பலோட விமானி. அவ தோட்டத்துக் கதவைச் சரியாச் சாத்தாம வந்துட்டா. விண்வெளிக் குளிரு உள்ள புகுந்து அம்புட்டுச் செடியும் கருகிப்போச்சு. துறைமுகத்துல விசாரணை வச்சாங்க. யாரு கதவைத் திறந்து விட்டதுன்னு தலைவர் கேட்குறாரு. ஏழு பேரும் வரிசையா நிக்காங்க. கெசி தலை குனிஞ்சிருக்கா. கேப்டன் இல்மா தொடையில கை ஊனி எந்திரிக்கா. "என் கப்பல், என் கதவு." கேப்டன் பதவியைப் பிடுங்கிட்டு, துறைமுகத்துத் தரை துடைக்கிற வேலையைக் குடுத்துடுதாங்க. சட்டையிலருந்து நீலக் கோட்டைப் பிரிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு நடந்து போறா. அத்தோட பாகம் முடியுது.

சொல்றப்போ அக்கா கண்ணு கலங்கிருச்சு. நான் பக்கத்துல இருந்த வண்டியில முதுகைச் சாய்ச்சு நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். எந்த வண்டின்னு சொல்லணும். நூல் சுத்துன பாபின்களை நிரப்பித் தள்ளிக்கிட்டு வர்ற வண்டி. எங்க மிஷின்ல அதை மாட்டினா, பெரிய கூம்பு மாதிரி கோனா சுத்திக் குடுக்கும். அந்த வாரம் அறுபதாம் நம்பர் நூலும் அறுபத்திநாலாம் நம்பர் நூலும் ஓடுச்சு. ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணுதான், அறுபத்திநாலு ஒரு பொட்டு மெலிசு. வழக்கமா ஒண்ணுக்கு மஞ்சள் பாபின், இன்னொண்ணுக்குப் பச்சை. பச்சை பத்தலைன்னு ரெண்டையும் மஞ்சள்லேயே சுத்திட்டாங்க. வித்தியாசம் தெரியணும்னு வண்டிக்கு வண்டி பலகையில சாக்பீஸால 60ன்னோ 64ன்னோ எழுதியிருந்துச்சு.

நான் சாய்ஞ்சு நின்னது 64 வண்டி, இப்ப பலகையில 6 மட்டும் மிச்சம். அந்தச் சின்ன 4 என் முதுகுக்கு வந்துருச்சு. மணி அடிச்சுச்சு, திரும்புனேன், 6ஐப் பார்த்தேன், அறுபதுன்னு நினைச்சு, அறுபது ஓடிக்கிட்டிருந்த என் மிஷினுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிட்டேன். கையில தடவிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு என் கை மில்லுல இல்ல, அந்தத் துறைமுகத்துல கெசி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு.

சாயங்காலம் வேன்ல ஏறுறப்போ அக்கா என் முதுகைத் தட்டி விட்டுச்சு. "முதுகெல்லாம் சாக்பீஸுட்டி"ன்னு சொல்லிச்சு. நானும் சிரிச்சேன்.

மூணு வாரம் கழிச்சு அந்த நூல்ல நெய்த துணி சாயம் போட்டதும் திரும்பி வந்துச்சு. துணி முழுக்க வரி வரியா இருந்துச்சு. ரெண்டு நம்பர் கலந்தா அப்படித்தான் வரும், ஒண்ணு சாயத்தைக் கூடக் குடிக்கும், ஒண்ணு குறையக் குடிக்கும். எங்க செக்‌ஷன்ல ஏழு பேரையும் வரிசையா நிக்க வச்சு மேனேஜர் கேட்டாரு. துணியைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்கு முதுகுல சுள்ளுன்னுச்சு. அக்கா என் முதுகைத் தட்டினது ஞாபகம் வந்துச்சு. அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கலை.

"நம்பர் கலந்த வண்டியைத் தள்ளுனது யாரு?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அக்கா ஒரு அடி முன்னாடி வந்துச்சு.

"வண்டிக்கு நம்பர் போடுறதும் அது அழியாமப் பார்க்கிறதும் என் பொறுப்பு சார். அந்த நேரத்துல நான் பேசிக்கிட்டு நின்னேன், பார்க்கலை. என் செக்‌ஷன், என் வண்டி."

"தள்ளுனது யாருன்னுதான்மா கேட்கேன்."

"என் வண்டி சார்."

அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியலை. மறுநாள் அக்காவை சூப்பர்வைசர்லருந்து இறக்கி, மிஷின்ல போட்டுட்டாங்க. அதுவும் எனக்கு அடுத்த மிஷின். சாப்பாட்டு நேரத்துல அக்கா பிளேடால கோட்டுக் கையில இருந்த நீலக் கோட்டை ஒவ்வொரு தையலா அறுத்து எடுத்துச்சு. நூலைச் சுருட்டி டிபன் பைக்குள்ள போட்டுக்கிட்டுச்சு. ராஜேஸ்வரி அழுதுட்டா. எதிர்க்கட்சிக்காரி அழுதா. நான் அழலை, அழுதா கேட்பாங்களேன்னு பயம்.

பயம்தான். வேற காரணம் சொன்னா பொய். எனக்கு அப்போ மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்தாங்க. மில்லுல தப்புப் பண்ணி நிறுத்திட்டாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு வந்தா என்னாகும்னு நினைச்சேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். எட்டு மாசம் பக்கத்து மிஷின்ல நின்னேன். எட்டு மாசமும் நாளைக்குத்தான். அக்கா ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கலை. என் நூல் அறுந்தா எட்டி முடிச்சுப் போட்டுக் குடுக்கும். வேன்ல கதை சொல்றதும் நிக்கலை, முதல் எபிசோடுலருந்து மறுபடி ஆரம்பிச்சுச்சு. பதிமூணு வந்தப்போ மட்டும், "இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்"னு சொல்லித் தாண்டிப் போச்சு.

அப்புறம் எனக்குக் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கே வந்துட்டேன். மில்லை விட்டேன். அக்காவை ஒரு கல்யாணத்துல பார்த்தேன், ஒரு துக்க வீட்டுல பார்த்தேன். நல்லாயிருக்கியாக்கா, நல்லாயிருக்கேன்ட்டி. அதோட சரி. வேற மில்லுல சேர்ந்து மறுபடியும் சூப்பர்வைசர் ஆயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்தான். ஆனா நிம்மதி வரலை. அக்கா வேலையைத் தானே மீட்டுக்கிச்சு. நான் சொல்ல வேண்டியது அப்படியேதான் கிடந்துச்சு.

ஆறு வருஷம் போச்சு. போன மாசம் என் மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகலை. கார்ட்டூன் போடுன்னு அழுதா. தேடிக்கிட்டே வந்தேன், நாரை வந்து நின்னுச்சு. ரெண்டாம் பாகம் வந்து வருஷக்கணக்காச்சாம். எனக்குத்தான் தெரியலை. தெரிஞ்சுக்க விருப்பமும் இல்லாம இருந்தேன், அதுதான் உண்மை. மகளை மடியில போட்டுக்கிட்டு ஓட விட்டேன்.

ரெண்டாம் பாகத்துல முதல் எபிசோடு. கேப்டன் இல்மா துறைமுகத்துல தரை துடைச்சுக்கிட்டிருக்கா. முட்டிவலி அப்படியே இருக்கு. கெசி வேற கப்பல்ல சேர்ந்து பெரிய விமானி ஆயிட்டா. நல்ல சட்டை, நல்ல பூட்ஸு. கூட்டத்துக்கு நடுவுல நடந்து வர்றா. இல்மா முன்னாடி வந்து நிக்கா. நின்னுக்கிட்டே இருக்கா. பொறவு சொல்லுதா, "அந்தக் கதவு என்னோடது." இல்மா நிமிர்ந்து பார்க்கலை. ஓரத்துல சாத்தியிருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்து நீட்டுதா. "அந்தப் பக்கம் நீ துடை." கெசி பூட்ஸைக் கழட்டிட்டுத் துடைக்க ஆரம்பிக்கா.

"அம்மா, ஏன் அழுத?"ன்னு மகள் கேட்டா. தூசிம்மான்னு சொன்னேன். அவ நம்பலை.

காய்ச்சல் விட்டதும் மகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வெறுங்கையோட போகக் கூடாதேன்னு யோசிச்சேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கிக்கிட்டுப் போனா பைத்தியம்னு சொல்வாங்க. ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் கொஞ்சம் வாங்கிக்கிட்டேன். பஸ்ல எப்படிச் சொல்லணும்னு நாலஞ்சு விதமாச் சொல்லிப் பார்த்தேன். எல்லாத்துலயும் என் பயத்தைப் பத்தித்தான் நிறைய இருந்துச்சு. மடவார் வளாகத்துல இறங்குறதுக்குள்ள அம்புட்டையும் தூக்கிப் போட்டுட்டேன்.

அக்கா வீட்டுப் பின்பக்கம் துணி துவைச்சுக்கிட்டிருந்துச்சு. வீட்டுக்காரர் பட்டாளத்துலருந்து வந்துட்டாருன்னு கொடியைப் பார்த்தாலே தெரிஞ்சுச்சு. அவரோட பச்சை டவுசர் காயுது. பக்கத்துல அக்காவோட மில்லு கோட்டு, கையில நீலக் கோடு. ரெண்டு இல்ல, மூணு. அக்கா கையில பட்டாளத்துக் கம்பளி ஒண்ணு தண்ணி சொட்டச் சொட்ட இருந்துச்சு. தனியாப் பிழிய முடியாம ஒரு முனையைக் கல்லுல மிதிச்சுக்கிட்டு மல்லாடிக்கிட்டிருந்துச்சு.

"வாட்டி. என்ன திடீர்னு?"

பையைக் கீழே வச்சேன். உட்காரலை.

"அக்கா, அறுபத்திநாலு வண்டியைத் தள்ளுனது நான்."

அக்கா நிமிர்ந்து பார்க்கலை. கல்லுல மிதிச்சிருந்த முனையைக் குனிஞ்சு எடுத்துச்சு. பொறவு என் பக்கம் நீட்டுச்சு.

"அந்த முனையை நீ பிடி."

செருப்பைக் கழட்டிட்டுப் பிடிச்சேன். அக்கா அந்தப் பக்கம் முறுக்குச்சு, நான் இந்தப் பக்கம் முறுக்கினேன். கம்பளி கனம் கையை இழுத்துச்சு. தண்ணி ரெண்டு பேரு காலுலயும் கொட்டிக்கிட்டே இருந்துச்சு.